பயன்படுத்தாத கடன் அட்டை: மூடுவதா, வைத்திருப்பதா?

நம்மில் பலருடைய மணிபர்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. ஒன்று, சம்பளக் கணக்கு உள்ள வங்கி கொடுத்தது. இன்னொன்று, உணவு இடைவேளையில் பள்ளிக்கே வந்த முகவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் அனுப்பி வைத்தது. மூன்றாவது, மின்சாதனக் கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது தள்ளுபடிக்காக எடுத்தது. மாதம் தவறாமல் சம்பளம் வரும் அரசு ஊழியர் என்றால் வங்கிகளுக்குத் தனிப் பிரியம். அதனால் கேட்காமலேயே நமக்கு அழைப்பு வரும். வாங்குவதற்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்த அட்டை ஆதார் நகலுக்கும் பழைய பேருந்து அட்டைக்கும் நடுவில் கிடக்கும்.

நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணக்கு வாத்தியார் என்பதால், வருமான வரிப் படிவம் நிரப்பும் பிப்ரவரி மாதத்தில் ஆசிரியர் அறையில் என் மேசையைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டம் இருக்கும். வரிக் கணக்கு முடிந்ததும் கூடவே ஒரு கேள்வி வரும். "சார், இந்தக் கார்டைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு. மூடிடலாமா? மூடினா சிபில் ஸ்கோர் இறங்கிடும்னு சொல்றாங்களே?"

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் அவரவருக்கான பதிலைக் கண்டுபிடிக்க மூன்று விவரங்கள் தெரிந்தால் போதும். அந்தக் கார்டு ஆண்டுக்கு உங்களிடம் எவ்வளவு வாங்குகிறது? அடுத்த ஓராண்டுக்குள் வீட்டுக்கடன், வாகனக் கடன் போன்ற பெரிய கடன் வாங்கும் எண்ணம் உண்டா? அந்தக் கார்டுக்கு வரும் குறுஞ்செய்திகளையும் மாதக் கணக்கையும் நீங்கள் உண்மையிலேயே பார்க்கிறீர்களா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. என் அனுபவத்தில் அதுதான் முக்கியமானது.

மதிப்பெண் பயம்

முதலில் எல்லாரும் பயப்படும் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவோம். கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். 2000ஆம் ஆண்டில் முதலில் வந்தது சிபில் என்பதால், நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்பதுபோல, கடன் மதிப்பெண்ணையெல்லாம் சிபில் ஸ்கோர் என்கிறோம். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இவை இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தேதி, மீதி பாக்கி ஆகிய விவரங்களை வங்கிகள் இந்த நிறுவனங்களுக்கு அனுப்பியாக வேண்டும். அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள்.

இந்த மதிப்பெண்ணில் மிகவும் எடை கூடியது, தவணையை உரிய தேதியில் கட்டினோமா என்பது. அட்டையை மூடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒழுங்காகக் கட்டிவந்த அட்டையை மூடினால், "மூடப்பட்டது" என்ற குறிப்போடு அதன் நல்ல வரலாறு அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். மூடிய மறுநாளே எல்லாம் அழிந்துவிடும் என்பது தவறான எண்ணம்.

அட்டையை மூடுவதால் மாறக்கூடியது வேறொன்று. நமக்குள்ள மொத்தக் கடன் வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்துகிறோம் என்ற விகிதம்தான் அது. இதை 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்குதான். ஆனாலும் எண்களோடு பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியையின் கணக்கைச் சற்று முழுமையாக்கப்பட்ட எண்களில், அவர் அனுமதியோடு தருகிறேன். அவரிடம் மூன்று கார்டுகள். சம்பள வங்கியின் கார்டுக்கு வரம்பு 60,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் இல்லை. கடையில் எடுத்த கார்டுக்கு வரம்பு 1,40,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். பெட்ரோல் கார்டுக்கு வரம்பு 40,000 ரூபாய், கட்டணம் 499 ரூபாய். மளிகை, மின்கட்டணம், மகளின் கல்லூரிப் பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 25,000 ரூபாயை முதல் கார்டில் செலவழித்து, முழுத் தொகையையும் கட்டிவிடுவார். மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை.

மூன்று கார்டுகளும் இருக்கும்போது மொத்த வரம்பு 2,40,000. அதில் 25,000 என்பது சுமார் 10.4 சதவீதம். பெட்ரோல் கார்டை மட்டும் மூடினால் மொத்த வரம்பு 2,00,000 ஆகும், விகிதம் 12.5. கடைக் கார்டையும் சேர்த்து மூடினால் வரம்பு 60,000தான், விகிதம் 41.67 சதவீதம். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. பகுதி மட்டும்தான் சுருங்கியது. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்தும்போது, தொகுதி மாறாமலேயே பின்னத்தின் மதிப்பு எப்படிக் கூடுகிறது என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

"நான்தான் முழுப் பணத்தையும் கட்டிடுறேனே சார், அப்புறம் எப்படி 25,000 பாக்கின்னு காட்டும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கி தகவல் அனுப்பும் நாளில் கார்டில் எவ்வளவு நிலுவை இருக்கிறதோ அதுதான் அறிக்கைக்குப் போகிறது. பில் போட்ட பிறகு, நாம் கட்டுவதற்கு முன்பு அந்த நாள் வந்தால் 25,000 அப்படியே தெரியும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்தத் தகவலைக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இந்த விகிதத்தைப் பற்றி ஆறுதலான விஷயமும் உண்டு. தவணை தவறியது அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் தெரியும். இதுவோ நிலுவை குறையும்போது தானும் குறைந்துவிடும். பெரிய கடன் எதற்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை என்றால், மதிப்பெண் சில புள்ளிகள் இறங்கி ஏறுவதால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த எண்ணைப் பார்க்கப்போவது கடன் கொடுப்பவர்தான். கடனே வாங்காதவர் அதைக் காப்பாற்றுவதற்காக ஆண்டுதோறும் கட்டணம் கட்டுவது, எழுதாத தேர்வுக்குக் கட்டணம் கட்டுவதுபோலத்தான்.

கடன் வாங்கப்போகிறவர் பொறுக்கலாம்

ஆனால் அந்த அறிவியல் ஆசிரியை நான்கு மாதத்தில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர். அங்கே கணக்கு மாறுகிறது. இன்று பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியைக் கடன் மதிப்பெண்ணோடு இணைத்திருக்கின்றன. மதிப்பெண் ஒரு படி இறங்கினால் வட்டியும் சற்றுக் கூடும். கால் சதவீதம்தானே என்று தோன்றும். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.50 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். 8.75 சதவீதத்தில் ஏறத்தாழ 26,511 ரூபாய். மாதம் 476 ரூபாய் வித்தியாசம், 20 ஆண்டுகளில் ஒரு லட்சத்துப் பதினான்காயிரத்தைத் தாண்டுகிறது.

இன்னொரு தட்டில் கடைக் கார்டின் கட்டணம் 999 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் சுமார் 1,179 ரூபாய். கார்டை மூடினால் வட்டி கட்டாயம் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனாலும் 1,179 ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த நான்கு மாதத்தில் அசைய வேண்டியதில்லை. பெட்ரோல் கார்டை மட்டும் உடனே மூடச் சொன்னேன். கடைக் கார்டுக்குக் கட்டணத் தள்ளுபடி கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டார், அந்த ஆண்டுக்கு மட்டும் பாதியைக் குறைத்தார்கள். கடன் ஒப்புதலாகி, தொகை விடுவிக்கப்பட்டு, பத்திரப் பதிவும் முடிந்த பிறகு அந்தக் கார்டையும் மூடினார். ஒப்புதலுக்கும் தொகை விடுவிப்புக்கும் இடையில் வங்கி மறுபடியும் அறிக்கையைப் பார்க்க வாய்ப்பு இருப்பதால்தான் பதிவு முடியும்வரை பொறுக்கச் சொன்னது. அதே காலத்தில் புதிய கார்டு எதற்கும் விண்ணப்பிக்காமல் இருப்பதும் நல்லது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடன் கொடுப்பவர் அறிக்கையைக் கேட்டுப் பார்த்ததும் பதிவாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர் ஒருவர் கேட்டபோது என் பதில் நேர் எதிராக இருந்தது. அவரிடம் இருப்பது ஒரே கார்டு, கட்டணம் கிடையாது, வேறு கடன் எதுவும் அவர் வாங்கியதில்லை. அவருடைய கடன் வரலாறு முழுவதும் அந்த ஒரு கார்டில்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டு ஐந்து ஆண்டு கழித்து வீட்டுக்கடன் கேட்டால், பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் இருக்காது. வைத்துக்கொள்ளச் சொன்னேன். கைப்பேசி ரீசார்ஜ் ஒன்றை மட்டும் அதில் வைத்து, பில் தொகை முழுவதும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி அமைத்துவிட்டார். அமைக்கும்போது "மொத்தத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு வாய்ப்புகள் வரும். மொத்தத் தொகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியருக்கு நான் யோசிக்கவே இல்லை. நான்கு கார்டுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மூடிவிடுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டேன். அவர் இனிக் கடன் வாங்கப்போவதில்லை. எந்த வங்கியில் என்ன கார்டு இருக்கிறது என்பது வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியாது.

பார்க்காத கார்டின் விலை

இனி அந்த மூன்றாவது கேள்வி. கட்டணம் இல்லாத கார்டுதானே, சும்மா கிடக்கட்டும் என்பார்கள். சும்மா கிடக்கும் கார்டும் ஒரு திறந்த கணக்குதான். அதன் எண் எங்கோ ஒரு கடையின், செயலியின் பதிவில் இருக்கும். அதில் யாராவது கைவைத்தால் முதலில் தெரியவேண்டியவர் நீங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இதில் நமக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல், வேறெங்கோ நடந்த கசிவால் நம் கணக்கில் மோசடிப் பரிமாற்றம் நடந்தால், அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டில் நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாட்களையும் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். ஓடிபியை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு. வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையதுதான்.

இந்த மூன்று நாள் கணக்கு, செய்தி வரும் எண்ணை நாம் பார்க்கிறோம் என்பதை நம்பியிருக்கிறது. நம் துறையில் கலந்தாய்வில் மாவட்டம் மாறுகிறோம், வீடு மாறுகிறோம், சிம் மாற்றுகிறோம். சம்பள வங்கியில் எண்ணை மாற்றிவிடுவோம். தொடாத கார்டு வங்கியில் மாற்ற நினைவிருக்காது.

எனக்குத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கார்டு வேண்டாம் என்று முடிவு செய்து கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். பிறகு வேறு மாவட்டத்துக்கு மாறுதல், புதிய கைப்பேசி எண். வெட்டியது பிளாஸ்டிக்கைத்தான், கணக்கு வங்கியில் உயிரோடு இருந்தது. ஆண்டுக் கட்டணம் விழுந்தது, அதற்குத் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி என்று வளர்ந்தது. கார் வாங்கக் கடன் கேட்டபோதுதான் தவணை தவறியவர் என்று அறிக்கையில் இருப்பது தெரிந்தது. சில நூறு ரூபாயில் தொடங்கிய பாக்கி அது. கடன் மறுக்கப்பட்ட நாளில் அவர் முகம் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டு காலம் யாரிடமும் கைமாற்றுக்கூட வாங்காத மனிதர்.

இப்போது விதி சற்று மாறியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21ஆம் தேதி வெளியிட்ட கார்டுகள் குறித்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஓராண்டுக்கு மேல் ஒரு கிரெடிட் கார்டு பயன்படுத்தப்படவில்லை என்றால், வங்கி வாடிக்கையாளருக்குத் தகவல் கொடுத்துவிட்டு மூடும் வேலையைத் தொடங்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மூடிவிடலாம். ஆனால் "நிலுவை ஏதும் இல்லாவிட்டால்" என்ற நிபந்தனை அதில் உண்டு. கட்டணம் ஒன்று விழுந்து பாக்கி நின்றுவிட்டால், தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. வைத்துக்கொள்ள நினைக்கும் கார்டுக்கும் இதே விதி பொருந்தும் என்பதால், ஆண்டுக்கு ஓரிரு முறையாவது அதைத் தேய்க்க வேண்டும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், வங்கிச் செயலியில் அந்தக் கார்டின் இணையப் பரிமாற்றம், வெளிநாட்டுப் பரிமாற்றம், தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். இப்படி நிறுத்தவும் திறக்கவும், தொகைக்கு உச்சவரம்பு வைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி கொடுத்தாக வேண்டும் என்பது 2020 முதல் விதி. தேவைப்படும்போது திறந்துகொள்ள ஒரு நிமிடம்தான் ஆகும். இதற்குக்கூட நேரமில்லை என்பவர் கார்டை மூடிவிடுவதே சரி. அந்தக் கார்டின் மாதக் கணக்கைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று நினைவில்லையா? அதுவே போதுமான பதில்.

பாக்கி உள்ள கார்டு

பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம், ஆனால் பழைய பாக்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்பவர்களும் உண்டு. இவர்களுக்கு மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியே பிறகுதான். பாக்கியைத் தீர்க்காமல் மூட முடியாது. மாத வட்டி 3.5 சதவீதம் என்பது பல கார்டுகளில் சாதாரணம். 50,000 ரூபாய் பாக்கிக்கு மாத வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஒருவர் மாதம் 2,500 ரூபாய் கட்டுகிறார் என்றால் 2,065 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் குறைவது 435 ரூபாய். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எங்கள் ஆசிரியர் அறை அமைதியாகிவிட்டது. ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி. இதைவிடக் குறைந்த வட்டியில் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடனோ நகைக்கடனோ கிடைத்தால், அதை வாங்கி இதை அடைப்பது லாபம். அடைத்த கையோடு கார்டையும் மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு கடனாகிவிடும்.

பாக்கி பெருகிவிட்டவர்களிடம், "பாதியைக் கட்டுங்க, மீதியைத் தள்ளுபடி பண்ணிக் கணக்கை முடிச்சுடறோம்" என்று வசூல் முகவர் சொல்வது உண்டு. வேறு வழியில்லாதவருக்கு அது உதவலாம். ஆனால் அப்படி முடித்தால் அறிக்கையில் "மூடப்பட்டது" என்று வராது, "சமரசமாகத் தீர்க்கப்பட்டது" என்றுதான் வரும். பின்னால் கடன் கொடுக்க வருபவர் இந்த இரண்டு சொற்களையும் வேறுவேறாகத்தான் படிப்பார்.

மூடும்போது கவனிக்க வேண்டியவை

முடிவு எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கார்டில் தானாகக் கழியும் கட்டணங்கள் எவை என்று பாருங்கள். காப்பீட்டுப் பிரீமியம், ஃபாஸ்டேக், ஓடிடி சந்தா போன்றவற்றை வேறு கார்டுக்கு மாற்றிவிடுங்கள். பிரீமியம் கழியாமல் பாலிசி காலாவதியானால், கார்டை மூடியதில் கிடைத்த மிச்சமெல்லாம் போய்விடும். சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளை மூடுவதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள். மாதத் தவணையாக மாற்றிய கொள்முதல் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், மூடும்போது மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். மனைவிக்கோ மகனுக்கோ அதே கணக்கில் கூடுதல் கார்டு வாங்கியிருந்தால் அதுவும் நின்றுவிடும். அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

பிறகு கடைசி நிலுவையைக் கட்டுங்கள். பில்லில் வந்த தொகை மட்டுமல்ல, பில் போடப்படாத தொகையும் எவ்வளவு என்று கேட்டுக் கட்ட வேண்டும். முப்பது நாற்பது ரூபாய் விட்டுப்போனாலும் கணக்கு மூடாது.

மூடும் கோரிக்கையை உதவி எண், மின்னஞ்சல், வங்கியின் இணையதளம், செயலி என்று பல வழிகளில் ஏற்க வேண்டும் என்று அதே 2022 நெறிமுறை சொல்கிறது. "தபாலில் கடிதம் அனுப்புங்க" என்று வற்புறுத்தித் தாமதம் செய்யக் கூடாது. உதவி எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்களைப் போட்டுவைத்து ஓடிபி கேட்டுப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. கார்டின் பின்பக்கம் அச்சிட்டுள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். "கார்டை மூட ஓடிபி சொல்லுங்க" என்று அவர்களாக அழைத்துக் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930.

நீங்கள் மூடச் சொன்னதும், எதிர்முனையில் இருப்பவர் கட்டணத்தை ரத்து செய்கிறோம், வரம்பைக் கூட்டுகிறோம் என்று பேசுவார். அது அவர் வேலை. ஆயுள் முழுவதும் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தருவதாகச் சொன்னால் யோசிக்கலாம், எழுத்தில் கேளுங்கள். மற்றபடி, பணிவாக மறுத்துவிட்டுக் கோரிக்கை எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலுவை இல்லாத கணக்கைக் கோரிக்கை கொடுத்த ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வங்கி நமக்குத் தர வேண்டும். இந்த ஒரு விதியைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினாலே வேலை வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாம் கூடுதலாகக் கட்டிய பணம் ஏதாவது கணக்கில் இருந்தால் அதை நம் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மூடிய தகவல் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வரும். நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கி, பணிப்பதிவேட்டு நகல் வைத்திருக்கும் கோப்பிலேயே வையுங்கள். கார்டை வெட்டுவது அதன் பிறகுதான். சிப், காந்தப்பட்டை, எண்கள் மூன்றும் துண்டாகும்படி வெட்டுங்கள்.

வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லை என்றால், முதலில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்கள் பார்க்க வேண்டும். அதன் பின்பு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் பதியலாம், கட்டணம் இல்லை. விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக, கடன் அறிக்கையைப் பார்ப்பது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் ஆண்டு முழுவதும் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு பருவத் தேர்வு விடுமுறையிலும் ஒன்றைப் பார்க்கிறேன். கார்டு மூடிய தகவலை வங்கி 30 நாட்களுக்குள் இந்த நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கணக்கின் எதிரே "மூடப்பட்டது" என்றும் நிலுவை பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கோரலாம். 30 நாட்களுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்படிப் பார்த்தபோதுதான், எங்கள் அறிவியல் ஆசிரியைக்குத் தான் மறந்தேபோன நான்காவது கார்டு ஒன்று இருப்பது தெரியவந்தது. அதற்கும் கோரிக்கை கொடுத்திருக்கிறார். ஏழு வேலை நாட்கள் இன்னும் முடியவில்லை.